வெள்ளைக் காலனி

ஆறு வருடங்களுக்கு முன்பு, விடியற்காலை ஐந்தரை மணி இருக்கும், அக்காவிடமிருந்து ஃபோன். அவளுடைய மகனுக்கு அப்போது நாலு வயது. மூன்று நாட்களாக வயிற்றுப்போக்கு. இரண்டாம் நாளிலிருந்து ரத்தமும் சேர்ந்து போனதால் மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். மலப் பரிசோதனையின் முடிவு முந்தைய இரவுதான் வந்திருந்தது. அதை எனக்கு எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஈ.கோலை என்று இருந்தது, அதன் பின்னால் எழுத்தும் எண்ணுமாக ஒரு வால். வாசித்து முடித்துக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "இது எல்லார் வயித்துலயும் சும்மா இருக்கிற கிருமின்னு நீதானே சொன்ன?"

சொன்னது நான்தான். நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு விடுமுறையில் அவளிடம் பெருமையாக விளக்கியிருக்கிறேன். பிறந்த சில நாட்களிலேயே ஈ.கோலை நம் குடலில் குடியேறிவிடுகிறது, தன் பாட்டுக்கு வாழ்கிறது, வைட்டமின் கே கூடத் தயாரிக்கிறது, 1885-இல் தியோடர் எஷரிக் அதைக் கண்டெடுத்ததே பச்சிளங்குழந்தைகளின் மலத்திலிருந்துதான், பயப்பட ஒன்றும் இல்லை என்றெல்லாம். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் பிள்ளை மடியில் சுருண்டு படுத்திருக்கும்போது அந்த உண்மை அவளுக்கு எதற்கும் உதவவில்லை.

அடுத்து அவள் சொன்னது இன்னும் கனமாக இருந்தது. "கிருமின்னு தெரிஞ்சப்புறமும் ஆன்டிபயாட்டிக் போட மாட்டேங்கிறாங்க. ட்ரிப்ஸ் மட்டும் ஏத்திட்டு ரத்தத்தை எடுத்து எடுத்துப் பாக்கிறாங்க. நீ கிளம்பி வந்து பேசு." மருத்துவர்கள் செய்வது சரிதான் என்று எனக்குத் தெரியும். ஏன் சரி என்பதும் தெரியும், ஆனால் அது துண்டு துண்டாக, பரீட்சைக்குப் படித்த வடிவத்தில்தான் என்னிடம் இருந்தது. பயந்துபோயிருக்கிற ஒரு தாய்க்குச் சொல்லும்படி அதை ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. "அவங்க சொல்றபடி கேளுக்கா, நான் வர்றேன்" என்று மட்டும் சொன்னேன். ஒரே பெயருள்ள ஒரு உயிர் ஒரு வயிற்றில் சாதுவாகவும் இன்னொரு வயிற்றில் கொலைகாரனாகவும் எப்படி இருக்கிறது? அதை எது அப்படி ஆக்குகிறது? அவள் கேட்ட கேள்வி இதுதான். அன்றிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஒரே பெயர்

முதலில் இந்தப் பெயர் விஷயம். ஒரு இனத்துக்குப் பெயர் வைத்துவிட்டால் அதற்குள் இருப்பவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பார்கள் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். மனிதர்களைப் பொறுத்தவரை அது சரி, எந்த இரண்டு பேரை எடுத்தாலும் டிஎன்ஏ வரிசையில் ஆயிரத்தில் ஒரு எழுத்து அளவுக்குத்தான் வித்தியாசம். பாக்டீரியாவிடம் இந்தக் கணக்கு செல்லாது. ஆய்வகங்களில் வளர்க்கும் சாதுவான கே-12 வகை ஈ.கோலையின் முழு மரபணுத்தொகுதி 1997-இல் வெளிவந்தது. சுமார் 46 லட்சம் எழுத்துகள், 4,300 சொச்சம் மரபணுக்கள். ரத்தப்போக்கை உண்டாக்கும் ஓ157:எச்7 வகையின் தொகுதி 2001-இல் வந்தபோது அதில் 55 லட்சம் எழுத்துகள் இருந்தன. கே-12-இல் இல்லாத 1,387 மரபணுக்கள் அதில் இருந்தன. கே-12-இல் மட்டும் இருந்து இதில் இல்லாதவையும் 500-க்கு மேல். அடுத்த வருடம் சிறுநீர்ப்பாதையைத் தாக்கும் மூன்றாவது வகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மூன்றுக்கும் பொதுவாக இருந்த புரதங்கள் மொத்தத்தில் 40 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மூன்றுக்கும் பெயர் என்னவோ ஈ.கோலைதான்.

அந்தக் கூடுதல் மரபணுக்கள் ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று சிதறிக் கிடப்பதில்லை. கட்டுக் கட்டாக இருக்கின்றன. ஒவ்வொரு கட்டும் தான் உட்கார்ந்திருக்கும் இடத்தோடு ஒட்டாமல், எழுத்துகளின் விகிதத்திலேயே வேறுபட்டுத் தெரியும். வேறெங்கோ எழுதப்பட்ட பக்கங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தின் நடுவில் தைத்துவிட்டால் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும் இல்லையா, அதுபோல. இவற்றை நோய்த்தீவுகள் என்கிறார்கள். ஓ157-இல் உள்ள ஒரு தீவு சுமார் 40 மரபணுக்கள் கொண்டது. நம் குடல் செல்லுக்குள் புரதங்களைச் செலுத்தும் ஊசி ஒன்றைக் கட்டுவதற்கான முழுத் திட்டமும் அதற்குள் இருக்கிறது. நூற்றுக்கணக்கான புரதத் துண்டுகளை அடுக்கி, பாக்டீரியா தன் உடம்பின் மேல் இந்த ஊசியை நிறுத்துகிறது. அதன் வழியாக உள்ளே அனுப்பும் முதல் சரக்குகளில் ஒன்று டிர் என்ற புரதம். அது நம் செல்லின் சவ்வில் போய்ப் பதிந்து, வெளியே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். பாக்டீரியாவின் மேற்பரப்பில் உள்ள இன்னொரு புரதம் அந்தத் தலையைப் பற்றிக்கொள்ளும். கொக்கியும் தன்னுடையது, கொக்கியை மாட்ட வேண்டிய வளையமும் தன்னுடையது. 1997-இல் இது தெரிய வரும்வரை, அந்த வளையம் நம் செல்லுக்குச் சொந்தமானது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நச்சு யாருடையது

மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. பையன் தூங்கிக்கொண்டிருந்தான். உதடு வெடித்திருந்தது. கட்டில் காலில் ஒரு காகிதத்தை ஒட்டி, எத்தனை மில்லி உள்ளே போனது, எத்தனை மில்லி சிறுநீராக வெளியே வந்தது என்று மணிக்கணக்கில் குறித்து வைத்திருந்தார்கள். அவர்களுடைய கவலை முழுக்க அந்தக் கடைசி எண்ணில்தான் இருந்தது. குடலில் உட்கார்ந்திருக்கும் பாக்டீரியா சிறுநீரகத்துக்குப் போகப் போவதில்லை. போவது அதன் நச்சு. 1897-இல் ஜப்பானில் பரவிய சீதபேதிக்குக் காரணமான கிருமியைப் பிரித்தெடுத்த கியோஷி ஷிகாவின் பெயரால் அதற்கு ஷிகா நச்சு என்று பெயர். சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் உள்ள ஒரு குறிப்பிட்ட கொழுப்பு மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு அது செல்லுக்குள் நுழைகிறது. உள்ளே போய் ரைபோசோம் என்ற புரதத் தொழிற்சாலையின் ஆர்என்ஏவில் ஒரே ஒரு இடத்தில், ஒரே ஒரு அடினினை மட்டும் கழற்றிவிடுகிறது. ஆயிரக்கணக்கான எழுத்துகளில் ஒன்று. தொழிற்சாலை நின்றுவிடுகிறது, நச்சு அடுத்த ரைபோசோமுக்குப் போகிறது. குழாயின் உட்சுவர் சேதமாகி, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் அங்கங்கே திரண்டு, சிவப்பணுக்கள் நெருக்கத்தில் உடைந்து, சிலருக்குச் சிறுநீரகமே நின்றுபோகிறது. குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

இந்த நச்சை உருவாக்கும் மரபணு ஈ.கோலைக்குச் சொந்தமானதே இல்லை. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் உண்டு, ஃபேஜ் என்பார்கள். அப்படி ஒரு ஃபேஜ் எப்போதோ இந்த ஈ.கோலைக்குள் நுழைந்து, அதைக் கொல்லாமல், அதன் டிஎன்ஏவுக்குள் தன்னைச் செருகிக்கொண்டு தூங்கிவிட்டது. நச்சு மரபணு அந்த ஃபேஜின் மூட்டையில் வந்த சாமான். பாக்டீரியா நன்றாக இருக்கும்வரை ஃபேஜ் தூங்கும். பாக்டீரியாவின் டிஎன்ஏ அடிபட்டால், கப்பல் மூழ்கப் போகிறது என்பதுபோல விழித்துக்கொள்ளும். தன்னை நூற்றுக்கணக்கில் நகலெடுக்கும், கூடவே நச்சையும் குவிக்கும், கடைசியில் பாக்டீரியாவை வெடிக்கச் செய்துவிட்டு வெளியேறும். நச்சு வெளியே கொட்டுவதும் அந்த வெடிப்பில்தான். டிஎன்ஏவைத் தாக்கும் சில ஆன்டிபயாட்டிக்குகள் சரியாக இந்த அலாரத்தைத்தான் அடிக்கின்றன. கிருமியைக் கொல்லக் கொடுக்கும் மருந்து நச்சுப் பைகளை ஒரே நேரத்தில் கிழித்துவிட வாய்ப்பிருக்கிறது. அதனால்தான் இந்த வகைக்கு மட்டும் மருத்துவர்கள் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு பொறுத்திருக்கிறார்கள், நீரேற்றத்தைக் கவனிக்கிறார்கள், ரத்தத்தை எடுத்து எடுத்துப் பார்க்கிறார்கள்.

இதை நான் அக்காவிடம் படுக்கைக்குப் பக்கத்தில் தாழ்ந்த குரலில் சொன்னபோது அவள் கேட்டது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. "அப்ப அந்தக் கிருமிக்கே அதனால என்ன பிரயோஜனம்? அது செத்துல்ல போகுது?" ஆமாம், செத்துத்தான் போகிறது. நச்சை உற்பத்தி செய்யும் அந்த ஒரு பாக்டீரியாவுக்கு அதனால் துளி லாபமும் இல்லை. தன்னைத் தின்ன வரும் ஒரு செல் உயிரிகளிடமிருந்து கூட்டாளிகளைக் காப்பாற்ற இந்த நச்சு உருவாகியிருக்கலாம் என்று ஒரு கருத்து இருக்கிறது. அப்படியானால் நாமும் நம் சிறுநீரகமும் இந்தக் கதைக்கு இடையில் வந்தவர்கள்.

காலராவின் கதையும் இதே தடத்தில்தான் போகிறது. கொல்கத்தாவில் சம்பு நாத் டே என்ற மருத்துவ விஞ்ஞானி முயலின் குடல் துண்டுகளை முடிச்சிட்டு, காலரா கிருமி வளர்ந்த திரவத்தை, கிருமியே இல்லாமல் வடிகட்டி, அதற்குள் செலுத்தினார். குடல் நீரால் வீங்கியது. நோயைச் செய்வது கிருமி வெளியேற்றும் நச்சுதான் என்று 1959-இல் அவர் நிறுவினார். அந்த நச்சின் மரபணுவும் ஒரு ஃபேஜுடையது என்பது 1996-இல் தெரிந்தது. அதைவிட வியப்பு இது: அந்த ஃபேஜ் உள்ளே நுழையப் பிடித்துக்கொள்வது, காலரா கிருமி நம் குடலில் குடியேறப் பயன்படுத்தும் அதே நுண்ணிழையைத்தான். குடியேறும் திறன் இருந்தால்தான் நச்சு வந்து சேரும். ஒன்று மற்றொன்றுக்கு வாசல்.

2011-இல் ஜெர்மனியில் நடந்ததை இந்தத் துறையில் யாரும் மறக்கவில்லை. அதுவரை பெரிதாகப் பேசப்படாத ஓ104:எச்4 என்ற ஈ.கோலை வகை, முளைகட்டிய வெந்தயம் வழியாகப் பரவி, நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவான பேரை நோயாளிகளாக்கியது. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எண்ணூறுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது, அவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள். நான் மேலே சொன்ன ஊசித் தீவு அந்தக் கிருமியிடம் இல்லவே இல்லை. குடலில் செங்கல் அடுக்கியதுபோல ஒட்டிக்கொள்ளும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது அது. அந்தக் குடும்பத்து ஆள் ஒன்றுக்கு ஷிகா நச்சு ஃபேஜ் எங்கோ வந்து சேர்ந்திருக்கிறது. நன்றாக ஒட்டத் தெரிந்த ஒன்றின் கையில் அப்படி ஒரு நச்சு. பட்டியல் போட்டு வைத்திருந்த "ஆபத்தான வகைகள்" எதிலும் அது பொருந்தவில்லை.

அந்தத் தட்டு

இதையெல்லாம் சொல்லும்போதே எனக்குள் வேறொரு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது அது தெளிவாக வந்து நின்றது. நான் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்த முதல் வருடம். வேலை ஷிகெல்லாவில், அதாவது ஷிகா கண்டுபிடித்த அந்தச் சீதபேதிக் கிருமியின் வகையில். பத்து முதல் நூறு கிருமிகள் உள்ளே போனாலே நோய் வந்துவிடும் என்பதால் கையுறையைக் கழற்றும் விதத்தைக்கூடப் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார்கள். உறைபெட்டியில் மைனஸ் 80 டிகிரியில் இருக்கும் குப்பியிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து, காங்கோ ரெட் என்ற சாயம் கலந்த ஊட்டத் தட்டில் கோடு கோடாக இழுத்து, இரவு முழுக்க வளரவிட வேண்டும். காலையில் காலனிகள், அதாவது ஒற்றைக் கிருமியிலிருந்து பெருகிப் புள்ளியாகத் தெரியும் கூட்டங்கள், வந்திருக்கும். நோயுண்டாக்கும் திறன் உள்ளவை சாயத்தை உறிஞ்சிச் சிவப்பாக இருக்கும், இல்லாதவை வெள்ளையாக இருக்கும். எங்கள் மூத்த ஆய்வாளர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "சிவப்பை மட்டும் எடு. வெள்ளை எதுக்கும் உதவாது."

மூன்றாவது வாரம் ஒரு காலை இன்குபேட்டரைத் திறந்தால் என் ஆறு தட்டுகளிலும் எல்லாமே வெள்ளை. ஒரு சிவப்புக்கூட இல்லை. குப்பி கெட்டுவிட்டது, நான் ஏதோ கலப்படம் செய்துவிட்டேன் என்று நடுங்கிப்போனேன். அப்புறம்தான் பார்த்தேன், யாரோ வேறொரு வேலைக்காக வெப்பத்தை 30 டிகிரிக்கு மாற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதே வெள்ளைக் காலனிகளைத் தொட்டுப் புதுத் தட்டுகளில் இழுத்து, 37 டிகிரியில் வைத்தேன். மறுநாள் காலை அத்தனையும் சிவப்பு. எதுவும் சேரவில்லை, எதுவும் போகவில்லை, ஏழு டிகிரி மட்டும் கூடியிருந்தது. பாடமாக அதை எனக்குத் தெரியும். ஆனால் கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு, நேற்று வெள்ளையாக இருந்த அதே குடும்பம் இன்று சிவப்பாக நிற்பதைப் பார்ப்பது வேறு. நம் உடம்பின் சூடுதான் அதற்கு அடையாளம். வெளியே, குளிர்ந்த தண்ணீரிலோ மண்ணிலோ கிடக்கும்போது ஆயுதம் செய்து வைத்துக்கொள்வது வீண் செலவு. அதனால் எச்-என்எஸ் என்ற ஒரு புரதம், வெளியிலிருந்து வந்து சேர்ந்த அந்நிய மரபணுக்களின் மேல் படிந்து, அவற்றைப் பேசவிடாமல் வைத்திருக்கிறது. விர்எஃப் என்ற மரபணுவுக்கு முன்னால் உள்ள டிஎன்ஏ குளிரில் வளைந்து இருக்கும், எச்-என்எஸ் அந்த வளைவைப் பிடித்துக் கட்டிவைக்கும். சூடு ஏறினால் வளைவு தளர்ந்து நிமிரும், பிடி நழுவும், விர்எஃப் விழித்துக்கொள்ளும். அது விர்பியை எழுப்பும், விர்பி ஊசியை உருவாக்கும் மரபணுக்கள் அனைத்தையும் எழுப்பும். டிஎன்ஏவே தெர்மாமீட்டராக வேலை செய்கிறது.

என்னை அதைவிட ஆழமாகத் தொட்டது அந்தத் தட்டுகளில் ஒன்றின் ஓரத்தில் இருந்த ஒற்றைக் காலனி. 37 டிகிரியில் எல்லாம் சிவந்த பிறகும் அது மட்டும் வெள்ளையாகவே இருந்தது. மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாக, கொழுத்து, விளிம்பு பளபளவென்று. தூக்கிப்போட மனம் வரவில்லை. திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தேன், வெள்ளைதான். அதன் டிஎன்ஏவை எடுத்து விர்எஃபைத் தேடிப் பிசிஆர் செய்தேன், தேடும் மரபணு இருந்தால் அதை மட்டும் பெருக்கி ஒரு பட்டையாகக் காட்டும் சோதனை அது. சிவப்புக் காலனியின் டிஎன்ஏ போட்ட குழியில் பட்டை பளிச்சென்று நின்றது. வெள்ளையின் குழி காலி. ஷிகெல்லாவின் நோய்ச்சாமானில் பெரும்பகுதி 2,20,000 எழுத்துகள் கொண்ட ஒரு பெரிய பிளாஸ்மிட்டில், அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனியாக மிதக்கும் டிஎன்ஏ வளையத்தில் இருக்கிறது. செல்லுக்குள் புகுவதற்கு அந்த வளையம் இல்லாமல் முடியாது என்று ஃபிலிப் சான்சொனெட்டியும் உடனிருந்தவர்களும் 1982-இலேயே காட்டியிருந்தார்கள். என் வெள்ளைக் காலனியில் விர்எஃப் இருக்கும் பகுதியே காணோம். அது ஆயுதத்தை இறக்கி வைத்துவிட்டது.

அதையும் சிவப்பையும் சம அளவில் ஒரே குடுவையில் கலந்து 37 டிகிரியில் வளர்த்தேன். தினமும் காலையில் ஒரு துளி எடுத்துப் புதுக் குடுவைக்கு மாற்றினேன். சொன்ன வேலை இல்லை அது, எனக்காகச் செய்தது. நாலாவது நாள் தட்டில் சிவப்பைத் தேட வேண்டியிருந்தது. ஊசிகளைக் கட்டுவதும், புரதங்களைச் சேமிப்பதும், அவ்வளவு பெரிய வளையத்தை நகலெடுத்துக்கொண்டே இருப்பதும் அத்தனை பாரம். ஊட்டம் தாராளமாக இருக்கும் இடத்தில், அந்தப் பாரத்தை இறக்கியவன் ஓடிவிடுகிறான். நோயுண்டாக்கும் திறன் என்பது கிருமியின் குணம், அதன் இரத்தத்தில் ஊறியது என்று அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குடுவைக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதற்கு விலை கொடுக்கிறது. விலை கட்டுப்படியாகும் இடத்தில் மட்டும்தான் அது தங்குகிறது.

தொலைத்ததால் வந்தது

இத்தோடு முடிந்திருந்தால் கதை எளிது: ஆயுதம் வந்தால் கெட்டது, போனால் நல்லது. ஷிகெல்லா அதையும் ஒப்புக்கொள்வதில்லை. மரபணு வரிசையை வைத்துப் பார்த்தால் ஷிகெல்லா தனி இனமே அல்ல, அதுவும் ஈ.கோலைதான். வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு ஈ.கோலைக் கிளைகளுக்கு அந்தப் பிளாஸ்மிட் கிடைத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக ஷிகெல்லாவாகியிருக்கிறது. நோயின் பெயரால் நாம்தான் அதை வேறு குடும்பமாகப் பிரித்து வைத்தோம், அந்தப் பெயர் இன்றுவரை நிற்கிறது.

ஆனால் அந்தக் கிளைகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இன்னொன்றும் நடந்திருக்கிறது. ஈ.கோலைகளில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பதில் வேலை செய்யும் கேட்ஏ என்ற மரபணு ஷிகெல்லாக்களில் வேலை செய்வதில்லை. சிலவற்றில் மொத்தமாக வெட்டுப்பட்டிருக்கிறது, சிலவற்றில் உடைந்து கிடக்கிறது. லைசின் என்ற அமினோ அமிலத்தை கேடவெரின் என்ற பொருளாக மாற்றும் நொதி அதிலிருந்து உருவாக வேண்டும். 1998-இல் அந்தோணி மாரெல்லியின் குழு அந்த மரபணுவைத் திரும்ப ஷிகெல்லாவுக்குள் வைத்துப் பார்த்தது. மூதாதையரிடம் இருந்த, எந்தத் தீங்கும் தெரியாத ஒரு சாதாரண மரபணு. ஷிகெல்லாவின் வீரியம் குறைந்தது. அது உண்டாக்கும் கேடவெரின், கிருமியின் குடல் நச்சு வேலை செய்வதைத் தடுத்தது. நோய்க்கிருமியாக வேண்டுமானால் ஷிகெல்லா அதைத் தொலைத்தாக வேண்டியிருந்தது. இப்படித் தொலைந்த இடங்களுக்குக் கருந்துளைகள் என்றே பெயர் வைத்தார்கள். ஓம்ப்டி என்ற இன்னொரு மரபணுவின் கதையும் அதேதான். அது உண்டாக்கும் கத்தரிப் புரதம், ஷிகெல்லா ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குத் தள்ளிக்கொண்டு போகப் பயன்படுத்தும் புரதத்தையே வெட்டிவிடும். அதனால் அதுவும் போய்விட்டது.

எந்த மரபணுவை நோய் மரபணு என்று சொல்லலாம் என்பதற்கு ஸ்டான்லி ஃபால்கோ 1988-இல் சில விதிகள் வகுத்தார். நோய் செய்பவற்றில் அது இருக்க வேண்டும், அதை உடைத்தால் வீரியம் குறைய வேண்டும், திரும்பப் பொருத்தினால் வீரியம் திரும்ப வேண்டும். மிக நேர்மையான விதிகள், இன்றும் நாங்கள் அவற்றை வைத்துத்தான் வேலை செய்கிறோம். ஆனால் கேட்ஏ அந்த விதிகளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அது இருந்தால் நோய் குறைகிறது, உடைந்தால் கூடுகிறது. இல்லாத ஒன்றைப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது?

சால்மோனெல்லா இதை இன்னும் சிக்கலாக்குகிறது. அதுவும் ஊசி கட்டும் கிருமிதான், ஆனால் குடலில் இருக்கும் எல்லாச் செல்களும் கட்டுவதில்லை. ஒரே மரபணுத்தொகுதி உள்ள கூட்டத்தில் ஒரு பகுதி மட்டும் ஊசியைக் கட்டிக்கொண்டு குடல் சுவருக்குள் பாய்கிறது. அவற்றில் பெரும்பாலானவை நம் எதிர்ப்பாற்றலிடம் சிக்கிச் சாகின்றன. ஆனால் அந்தத் தாக்குதலால் குடல் அழன்று, டெட்ராதயோனேட் என்ற பொருள் அங்கே உண்டாகிறது. அதை வைத்துச் சுவாசிக்க சால்மோனெல்லாவுக்குத் தெரியும், நம் குடலின் மற்ற வாசிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தெரியாது. உள்ளே பாயாமல் குடலில் தங்கியிருந்த சகோதரிகள் அதை வைத்துப் பெருகுகின்றன. எலிகளில் 2013-இல் செய்த ஆய்வு ஒன்று இன்னும் ஒரு படி போனது. ஊசிக்கான கட்டளையையே இழந்த சால்மோனெல்லாக்கள் அந்தக் குடலுக்குள்ளேயே தோன்றி, மற்றவர்கள் சிந்திய இரத்தத்தின் பலனை அனுபவித்துக்கொண்டு பெருகுகின்றன. என் குடுவையில் நான் பார்த்தது ஒரு வயிற்றுக்குள்ளும் நடக்கிறது. அந்த ஆய்வை வாசித்த இரவு எழுந்துபோய், பழைய குறிப்பேட்டில் அந்த நாலு நாள் எண்ணிக்கைகளைத் தேடி எடுத்துப் பார்த்தேன்.

எதிர்ப்பக்கமும் அத்தனை சுத்தமாக இல்லை. முதல் உலகப் போரின்போது, சுற்றிலும் எல்லாருக்கும் சீதபேதி வந்தும் தனக்கு வராத ஒரு சிப்பாயின் மலத்திலிருந்து ஆல்ஃபிரட் நிஸ்லே 1917-இல் பிரித்தெடுத்த ஈ.கோலை, இன்றும் நன்மை செய்யும் பாக்டீரியா என்று மாத்திரையாக விற்கப்படுகிறது. அதன் மரபணுத்தொகுதியில் ஒரு தீவு இருக்கிறது. நம் செல்லின் டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் கோலிபேக்டின் என்ற பொருளை உருவாக்கும் தீவு. அந்தப் பொருள் விட்டுச்செல்லும் தழும்பைப் பெருங்குடல் புற்றுக்கட்டிகள் சிலவற்றில் 2020-இல் அடையாளம் கண்டிருக்கிறார்கள். நிஸ்லேயின் ஈ.கோலை புற்றுநோயை உண்டாக்குகிறது என்று யாரும் காட்டவில்லை, அப்படி எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஆனால் "நல்ல பாக்டீரியா" என்று ஒரு டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்கு ஒரு நிமிடம் கை நிற்கிறது.

மூன்றாவது வாரம்

பையனுக்குத் தட்டணுக்கள் இரண்டு நாள் இறங்கின. அந்த இரண்டு நாளும் அக்கா தூங்கவில்லை. மூன்றாம் நாள் எண்ணிக்கை நின்றது, அப்புறம் ஏறத் தொடங்கியது. சிறுநீரகம் தப்பித்தது. வீட்டுக்கு அனுப்பும்போது, கிருமி சில வாரங்கள்வரை மலத்தில் வந்துகொண்டிருக்கலாம், பரிசோதனையில் இல்லை என்று வரும்வரை மற்றக் குழந்தைகளோடு விட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மூன்றாவது வாரம் முடிவு வந்தது. அன்று நான் அங்கேதான் இருந்தேன். அக்கா காகிதத்தை என்னிடம் கொடுத்தாள். ஷிகா நச்சு மரபணு இல்லை என்று போட்டிருந்தது. அதற்கு மேல் வரியில், ஈ.கோலை வளர்ந்தது என்று. அவள் விரல் மேல் வரியில் நின்றது. "இது இன்னும் இருக்கே?"

இருக்கும், எல்லார் வயிற்றிலும் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இந்த முறை முழுதாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்தக் கெட்ட வகை மொத்தமாக வெளியேறி, பழைய ஈ.கோலைகள் திரும்ப வந்திருக்கலாம். இன்னொன்றும் நடக்கலாம். நோய் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதே ஓ157 தனக்குள் இருந்த ஃபேஜை உதிர்த்துவிட்டு, நச்சு இல்லாமல் தங்கிவிடுவதைச் சில நோயாளிகளிடம் பார்த்திருக்கிறார்கள். வெள்ளைக் காலனியைப் பற்றியும் அவளிடம் சொன்னேன், முதல் தடவையாக.

அவள் நெடுநேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இவன் வயித்துல இப்ப இருக்கிறது முதல்லயிருந்தே நல்லதா, இல்ல பல்லு போன கெட்டதா?"

"நச்சு இருக்கான்னு மட்டும்தான் இதுல தேடியிருக்காங்க. ரெண்டுல எதுன்னு இந்தக் காகிதத்தை வெச்சு சொல்ல முடியாதுக்கா."

அவள் தலையாட்டினாள். காகிதத்தை நாலாக மடித்துப் பழைய ரிப்போர்ட்டுகளோடு வைத்தாள். உள்ளே பையன் பசிக்கிறது என்று கத்தினான், எழுந்து போனாள்.